மடிப்புக்கு ஒரு நீலம்

இராஜபாளையம்
12.6.1997

அன்புள்ள அப்ரோஸுக்கு,

செல்லக்கனி எழுதுகிறேன். நேற்று சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரே பால்கோவாக் கடையில் நீ நின்றுகொண்டிருந்தாய். மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் இருந்தேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்த உடனே பொட்டலத்தின் நூல் அவிழ்ந்துபோன மாதிரி அதைக் கட்ட ஆரம்பித்துவிட்டாய். அந்த நூல் அவிழவில்லை அப்ரோஸ். கண்ணாடி போட்ட பிறகு எனக்குக் கண் நன்றாகவே தெரிகிறது.

நீ எங்கள் பேண்டேஜ் யூனிட்டை விட்டுப் போய்ப் பதினோரு வருஷம் ஆகப்போகிறது. நமக்கு நடுவில் பஸ்ஸில் அரை மணி நேரம்தான் தூரம். உன் வீட்டுக்காரர் பாத்திரக்கடை நம்பரை டைரக்டரியில் தேடி எடுத்தும் வைத்தேன். ஆனால் என் குரலைக் கேட்டதும் நீ போனை வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கிழிக்கத்தான் முடியும், அதுவும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா.

வீட்டுக்கு வந்து பட்டுப் புடவையை வைக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை குப்பென்று வந்தது. மற்றவர்களுக்கு அது கல்யாண வீட்டு வாசனை. எனக்கு நாப்தலீன் என்றால் நம் பி.எஸ்சி. லேப்தான். நைட்ரோபென்சீன் பாட்டிலைத் திறந்து முகர்ந்துவிட்டு, நம் பிரின்சிபால் ஷூவின் வாசனை என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? ஸ்பேச்சுலா நுனியில் பொருளை வைத்துத் தீயில் காட்டுவோம். கரும்புகை கக்கினால் அரோமேட்டிக் என்று எழுதுவோம். எழுதி முடிப்பதற்குள் என் மூக்கு கறுத்திருக்கும். ஐஸ் தீர்ந்துபோனால் சர்பத் கடைக்கு ஓடுவது நீ. அனிலினை அமிலத்தில் கரைத்து, ஐஸில் குளிரவைத்து, நைட்ரைட் சேர்த்து, அதைப் பீட்டா நாப்தாலில் ஊற்றினால் ரத்தச் சிவப்பாய்த் திரண்டு வருமே, அந்தச் சாயம் என் விரலில் ஏறி ஒரு வாரம் போகவில்லை. அந்த வாரம்தான் பெண் பார்க்க வந்தார்கள். மருதாணி இப்படிச் சிவந்திருக்கிறதே, மாப்பிள்ளை மேல் ஆசை வைக்கிற பெண்தான் என்று என் மாமியார் முடிவு செய்துவிட்டார். இன்றுவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

இதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு வேறு ஆள் இல்லை. அதனால் எழுதினேன்.

உன்
செல்லக்கனி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
24.6.1997

செல்லக்கனிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. நூல் அவிழ்ந்துதான் இருந்தது.

நான் நலம். அவரும் நலம். என் அத்தா மவுத்தாகி நான்கு வருஷம் ஆகிறது. அம்மா என்னோடுதான் இருக்கிறார்கள். அத்தாவின் மவுத்துக்கு உன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை என்பதை நான் கவனித்தேன்.

நீ லேப்பை நினைக்கிறாய். எனக்கு உன் வீட்டு பேண்டேஜ் யூனிட்தான் நினைவுக்கு வருகிறது. ஆஸ்பத்திரிகளுக்குப் போன சரக்கு முழுவதும் திரும்பி வந்த அன்று, உன் அண்ணன் காளிராஜ் வெளுப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, வேலையாட்கள் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "வெளுப்பு சரியா வரலைன்னு வெள்ளைப் பொடியப் போட்டு மினுக்கிட்டா, படிச்ச புள்ள." சலவையில் துணியைப் பளிச்சென்று காட்டப் போடுவார்களே, அந்தப் பொடி. புண்ணில் வைக்கிற துணியில் அது ஒரு துளியும் இருக்கக்கூடாது. அங்கே கெமிஸ்ட் என்று இருந்தவள் நான் ஒருத்தி. நீ எனக்கு எட்டடி தள்ளி நின்றாய். வாயைத் திறக்கவில்லை.

நான் அன்று கேட்க நினைத்ததை இப்போது கேட்கிறேன். நான் போட்டேன் என்று நீ நம்புகிறாயா, இல்லையா? இதற்குப் பதில் எழுது. மருதாணிக் கதை பிறகு பார்க்கலாம்.

அப்ரோஸ் பேகம்

*

இராஜபாளையம்
6.7.1997

அன்புள்ள அப்ரோஸ்,

உன் அத்தா மவுத்தான செய்தி எங்களுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். தெரிந்த அன்று கிளம்பிப் பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அது என் கோழைத்தனம்தான், சாக்குச் சொல்ல வரவில்லை.

நீ கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் எழுத நாலு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன். எழுத உட்கார்ந்தால் அந்த மழைதான் ஞாபகம் வருகிறது. அதே சரக்குதானே அது. ஐப்பசி மாதம், அண்ணன் மதுரைக்குப் போயிருந்தார், ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வெளுத்த துணியைக் கொடியிலிருந்து இறக்கி மடித்து முற்றத்துக் கட்டில் மேல் அடுக்கி வைத்திருந்தோம். சொல்லாமல் கொள்ளாமல் பிடித்தது மழை. பாதியை உள்ளே தூக்கிவிட்டோம். மீதி அடுக்கின் மேல் வேப்பமரத்து அழுக்குத் தண்ணீரும் இலையும் கொட்டுகிறது, கையில் மூட ஒன்றும் இல்லை. நீ யோசிக்கவே இல்லை. மேலே போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியை உருவி அப்படியே அடுக்கின் மேல் விரித்துவிட்டாய். ஆளுக்கொரு பக்கம் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே கவிழ்ந்து கிடந்தோம். "ஏட்டி, ஆஸ்பத்திரி துணிக்கு நம்மளே கட்டுப் போட்டுட்டோம்டி" என்று நீ சொல்ல, எனக்குச் சிரிப்பில் மழைத்தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது.

வீட்டுக்குப் போகத் துப்பட்டி இல்லையே என்று பேண்டேஜ் துணியையே நாலாய் மடித்து உனக்குப் போர்த்தி விட்டேன். டவுன் பஸ் கண்டக்டர் "ஆஸ்பத்திரியிலருந்தா வாரீக?" என்று கேட்டு உனக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்தாரே. அப்ரோஸ், எனக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தன. ஆனாலும் சந்தோஷம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த முற்றம்தான் கண்ணில் வருகிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன்னை நம்பவில்லை என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் சென்னையிலிருந்து வந்த பரிசோதனையில், புற ஊதா விளக்கின் கீழ் துணி நீலமாக மின்னுகிறது என்று இருந்ததை நானும் படித்தேன். பொடி இல்லாமல் அப்படி மின்னாது. எங்கிருந்தோ வந்திருக்கிறது. அது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. பென்சீன் வளையம் எதைக் கொடுத்தாலும் ஒரு ஹைட்ரஜனை விட்டுக்கொடுத்துவிட்டு வளையத்தை மட்டும் விடாது என்று படித்தோமே, நாமும் அப்படி இருந்துவிடக் கூடாதா?

உன்
செல்லக்கனி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
19.7.1997

செல்லக்கனிக்கு,

நிக்கல் வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து ஹைட்ரஜனைச் செலுத்தினால் பென்சீனும் தன் பிடிவாதத்தை விட்டுவிடும். நீ அந்த வகுப்புக்கு வரவில்லை.

விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். சரி, கெமிஸ்ட்ரியாகவே பேசுவோம். அந்தப் பொடி அழுக்கை எடுக்காது, துணியின் மஞ்சளைப் போக்காது. பென்சீன் வளையங்களை இரட்டைப் பிணைப்புகளால் கோத்த பெரிய மூலக்கூறு அது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பிக் கொடுக்கும். அந்த நீலம் மஞ்சளை மறைக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரில் கரையும், பருத்தியைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். வெளுக்காத துணியை வெளுத்த மாதிரி காட்டும் பொய் அது. உன் யூனிட்டில் நான் இருந்த மூன்று வருஷமும் அந்தப் பொடியைத் தொட்டி இருக்கிற பக்கமே விட்டதில்லை. வேலையாட்கள் வேட்டி துவைக்கக்கூட அந்தத் தொட்டியைத் தொடக்கூடாது என்று சண்டை போட்டவள் நான். இதை நீ பார்த்திருக்கிறாய்.

என் இடது ஆள்காட்டி விரலில் வெள்ளைத் தழும்பு ஒன்று இருக்கிறது. பீனால் பட்டது. படும்போது வலிக்காது, இடம் மரத்துப்போகும். எரிச்சல் பிறகுதான் தெரியும். நீ எட்டடி தள்ளி நின்றதும் அப்படித்தான். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. பஸ் ஏறின பிறகுதான் அழுதேன்.

உன் கடிதத்தில் மழை ஒரு பக்கம் இருக்கிறது. பதில் இரண்டு வரிதான் இருக்கிறது, அதிலும் ஆனால் என்று ஒரு வார்த்தை. இனி எழுத வேண்டாம்.

அப்ரோஸ் பேகம்

*

இராஜபாளையம்
14.9.1997

அன்புள்ள அப்ரோஸ்,

எழுத வேண்டாம் என்றாய். ரெண்டு மாதம் எழுதாமல் இருந்து பார்த்தேன். "ஆனால்" என்ற வார்த்தையை எடுத்துவிட்டு எழுத முடியும் என்று தெரிந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நீ போடவில்லை. எனக்கு இதற்கு ஆதாரம் கிடையாது, விளக்கம் கிடையாது. பரிசோதனை சரி, துணி மின்னியதும் சரி. நீ போடவில்லை என்பதும் சரி. விளங்கினால்தான் நம்புவேன் என்று பதினோரு வருஷம் இருந்துவிட்டேன். மழையில் துப்பட்டியை உருவிப் போட்டவள் தொட்டியில் பொய்யைக் கரைத்திருக்க மாட்டாள் என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டிய பெண்டாட்டியைவிடக் கூடப் பிறந்த தங்கச்சி பேச்சுக்குப் பயந்தவர் என் அண்ணன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடங்கியிருப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே சொன்னேன். "அப்ரோஸ் அந்தப் பொடியப் போடலண்ணே." அவர் கை அப்படியே நின்றது. "அப்ப எங்கேருந்து வந்துச்சு? வானத்துலருந்து விழுந்துச்சா?" என்று கேட்டார். "விழுந்திருக்கும்" என்றேன். எழுந்து கை கழுவப் போய்விட்டார். ஒரு வாரமாக என்னோடு பேச்சு இல்லை. இருக்கட்டும்.

இதற்கு நீ பதில் போட வேண்டும் என்பதில்லை.

செல்லக்கனி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
5.10.1997

அன்புள்ள செல்லக்கனி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "ஆனால்" என்ற வார்த்தை எங்கும் இல்லை. பதில் எழுத மனம் வந்தும் எழுதாமல் இருந்தேன். இப்போது எழுதாமல் இருக்க முடியாத ஒன்று நடந்துவிட்டது.

கள்ளநோட்டுப் பார்க்க இவர் மதுரையிலிருந்து ஒரு விளக்கு வாங்கி வந்தார். நீல விளக்குதான், புற ஊதா. நல்ல நோட்டின் தாள் அதன் கீழே மங்கலாக இருக்குமாம். கள்ளநோட்டு என்றால் பளீரென்று நீலமாக எரியுமாம், ஏனென்றால் சாதாரணத் தாளில் அந்த வெள்ளைப் பொடி உண்டு. கடை சாத்தும் நேரம் பாதிக் கதவை இறக்கிவிட்டு எனக்குப் போட்டுக் காட்டினார். நான் நோட்டை எடுக்கக் குனிந்தேன். என் துப்பட்டி முழுக்க எரிந்தது. "என்ன, ஒந் துப்பட்டி கள்ளநோட்டா மின்னுது" என்று இவர் சிரித்தார். நான் விளக்கைத் துப்பட்டியின் முனை வரை நகர்த்திப் பார்த்தேன்.

இந்தக் காலத்துச் சோப்புத் தூளில் எல்லாம் அது இருக்கிறது, அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் சலவை நீலம் மட்டும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நீலம் வேறு சங்கதி, அது மின்னாது. அம்மாவிடம் கேட்டேன். அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார்கள்: "ஒந் துப்பட்டிக்கு மட்டும் அந்த வெள்ளைப் பொடி வாங்கிப் போடுவேன்ல. வேலைக்குப் போற புள்ள. மங்கிப் போயிருந்தா நாலு பேரு என்ன சொல்லுவாக."

செல்லக்கனி, நான் அந்தப் பொடியைத் தொட்டிப் பக்கம் விட்டதில்லை. தினமும் என் உடம்பில் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த மழை துப்பட்டிக்குள்ளே இறங்கித்தான் துணிக்குப் போயிருக்கிறது. நாம் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே கவிழ்ந்து கிடந்தோம். நன்றாக அழுத்தி வேறு பிடித்திருந்தோம். அழுக்குப் படவில்லை என்று மறுபடி அலசாமலே காயவைத்து அனுப்பியும் விட்டோம்.

இது எனக்குத் தோன்றுவது. நிரூபிக்க ஒரே வழிதான். தொட்டியில் போட்டிருந்தால் துணி முழுக்கச் சீராக மின்னும். துப்பட்டியிலிருந்து இறங்கியிருந்தால் அடுக்கின் மேலே வெளியே தெரிந்த மடிப்புகளில் மட்டும் திட்டுத் திட்டாக மின்னும், மடிப்புக்குள் இருந்த இடம் மங்கலாக இருக்கும். சென்னையில் ஒரு துண்டை வெட்டிப் பார்த்து எழுதிவிட்டார்கள், முழுத் துணியை யாரும் பார்க்கவில்லை. இப்போது பார்க்க அந்தத் துணி இருக்காது. தெரியாமலே போகட்டும் என்று ஒரு மனம் சொல்கிறது. சீராக மின்னிவிட்டால் உன் அண்ணன் சொன்னதுதான் உண்மை என்று ஆகிவிடும்.

உன்
அப்ரோஸ்

*

இராஜபாளையம்
9.10.1997

அன்புள்ள அப்ரோஸ்,

துணி இருக்கிறது.

திரும்பி வந்த சரக்கை எல்லாம் மெஷின் எண்ணெய் துடைக்க மில்லுக்குத் தள்ளிவிட்டார் அண்ணன். ஒரு சுருளை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அகலமாக வெட்டிய நீளச் சுருள். நாம் ரெண்டு பேரும் மழையிலிருந்து காப்பாற்றிய துணி அல்லவா, எண்ணெய்க்குக் கொடுக்க மனசு வரவில்லை. டிரங்குப் பெட்டியில் பட்டுப் புடவைக்கு அடியில், அந்துருண்டைக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. வெளிச்சம் பட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன். உன் கடிதத்தை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். தானும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றால் சொல், நிறுத்திவிடுகிறேன்.

துணி எப்படி மின்னினாலும் எனக்கு ஒன்றுதான். இதைப் பார்ப்பதற்கு முன்னால் சொல்லிவைக்கிறேன், பார்த்த பிறகு சொன்னால் அதற்கு மதிப்பு இல்லை. நீ போடவில்லை.

உன்
செல்லக்கனி

*

இராஜபாளையம்
14.10.1997

அன்புள்ள அப்ரோஸ்,

சொல்லாமல் எழுந்து போய்விட்டார் என்று உனக்கு அண்ணன் மேல் வருத்தம் இருக்கும். அதற்காகவே இதை எழுதுகிறேன். உன் வீட்டுக்காரர் டீ சொல்லியிருந்ததையும் குடிக்காமல் வந்துவிட்டோம், அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

கதவை இறக்கி உன் வீட்டுக்காரர் விளக்கைப் போட்டபோது நீ என் கையைப் பிடித்திருந்தாய். நான் சுருளை விரிக்க விரிக்க முதலில் ஒன்றுமே இல்லை, சாம்பல் நிறத்தில் வெறும் துணி. பிறகு ஒரு கை அகலத்துக்கு நீலம். திரும்பவும் சாம்பல். திரும்பவும் நீலம். மடிப்புக்கு ஒரு நீலமாக அந்தக் கடை நீளத்துக்கும் ஓடியது. நீ அழுதது இருட்டில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது என்று நினைக்காதே. அண்ணனுக்கும் தெரிந்தது. அதனால்தான் எழுந்து வெளியே போனார்.

பஸ்ஸில் அவர் அந்தச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "தொட்டியில போட்டிருந்தா பூராம் மின்னியிருக்கும்" என்றார். ஊர் எல்லை வந்ததும், "பிச்சை முகம்மது அண்ணாச்சி மவுத்துக்குக்கூட நான் போகலையே" என்றார். உன் அத்தாவும் அவரும் ஒன்றாக டீ குடித்தவர்கள். அண்ணன் கண்ணைத் துடைத்து அதுவரை நான் பார்த்ததில்லை அப்ரோஸ். எங்கள் அப்பா போனபோதுகூட இல்லை.

மறுநாள் காலையில் யூனிட்டில் எல்லாரையும் வரச் சொன்னார். அன்றைக்கு இருந்தவர்களில் முத்துவீரனும் சுடலையம்மாளும்தான் இப்போது மிச்சம். அவர்களை அதே தொட்டிப் பக்கத்தில் நிற்க வைத்து, "அந்தப் பொடிய அப்ரோஸ் போடல. நான் சொன்னது தப்பு" என்றார். சுடலையம்மாள், அது எங்களுக்கு அன்றைக்கே தெரியுமே என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டாள்.

அண்ணன் உன்னைத் திரும்ப வேலைக்கு வரச் சொல்கிறார். நேரில் கேட்க வெட்கம், என்னை எழுதச் சொன்னார். நான் கேட்பதும் அதுதான்.

உன்
செல்லக்கனி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
21.10.1997

ஏட்டி செல்லக்கனி,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தொட்டிப் பக்கத்தில் வைத்துச் சொன்னார் என்ற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். பிறகு தன் பொடியால்தான் இவ்வளவும் என்று அழ ஆரம்பித்துவிட்டார்கள். என் துப்பட்டி மங்கக்கூடாது என்று பார்த்தவர்களைப் போய் நான் என்ன சொல்ல? கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சுருளை நீயே வைத்துக்கொள். வெளிச்சத்தில் வைக்காதே, அந்த நீலம் வெளிச்சத்தில் போய்விடும். அந்துருண்டையை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்று, அது உருகித் தண்ணீராகாமலே காற்றாகப் போய்விடுகிற பொருள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் மாமியாரிடம் மருதாணி விஷயத்தையும் இனிமேல் சொல்லலாம். அவரால் உன்னைத் திருப்பி அனுப்ப முடியாது.

உன் அண்ணனிடம் சொல். எனக்கு அவர் மேல் இப்போது கோபம் இல்லை. அதற்காக வேலைக்கு வர மாட்டேன். இங்கே கடை இருக்கிறது, வீடு இருக்கிறது, கள்ளநோட்டுப் பார்க்க இவருக்கு என்னை விட்டால் ஆள் இல்லை.

ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டது. மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு இருக்கிறது. மழை வந்தால் நான் வாரேன். முற்றத்தில் துணி காயப் போட்டிருந்தால் உன்னோடு சேர்ந்து தூக்குகிறேன். துப்பட்டி மட்டும் தர மாட்டேன். ஒரு தார்ப்பாய் வாங்கி வை.

உன்
அப்ரோஸ்